அத்தானுக்கு முட்டியில் வலி இல்லை

என் அக்கா வீட்டுக்காரர் செருப்புக்கடையில் வேலை பார்க்கிறார். அவர் காதில் விழும்படி செருப்புக்கடை என்று சொல்லிவிடக் கூடாது. ஷூ கடை என்று சொல்ல வேண்டும். அங்கே வாடிக்கையாளர்கள் மெத்தை பெஞ்சில் உட்காருவார்கள். அத்தான் அவர்களுக்கு எதிரே ஒரு குட்டை ஸ்டூலில் குந்தி, அவர்கள் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்து, ஷூவை மாட்டி, நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி, "விரலை அசைங்க சார்" என்பார். ஊரில் பாதிப் பேரை அவருக்கு முகத்தை வைத்து அடையாளம் தெரியாது, காலைக் காட்டினால் சொல்லிவிடுவார். நான் கட்டிக்கொள்ளப் போகிறவரை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோதுகூட, மனிதர் கீழேயே பார்த்துவிட்டு, "பாதம் அகலம். நல்ல பையன்" என்று முடித்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவரால் தன் வலது காலுக்கு ஒரு சாக்ஸ் மாட்ட முடியாமல் போய்விட்டது. காலை மடக்கி மேலே கொண்டுவந்தால் தொடை இடுக்கில் ஏதோ பூட்டு விழுந்த மாதிரி நின்றுவிடும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. சாக்ஸ் போடுவதை நிறுத்திவிட்டு, கயிறு கட்டாத ஷூவுக்கு மாறி, "இப்ப இதுதான் ஃபேஷன்" என்றார். நாங்களும் நம்பினோம். ஷூ விஷயத்தில் அவரை யார் எதிர்த்துப் பேச முடியும்?

ஒரே ஒரு தடவை சொல்லத்தான் பார்த்தார். கடையில் ஸ்டூலைவிட்டு எழும்போது பக்கவாட்டில் கையை வைத்து, "இடுப்பு வலி உயிர் போகுதே" என்று முனகியிருக்கிறார். கல்லாவில் இருந்த கேஷியர் தலையைத் தூக்காமலே, "எத்தனையாவது மாசம் அண்ணே?" என்று கேட்டுவிட்டான். கடையே சிரித்தது. நம்மிடத்தில் இடுப்பு வலி என்றால் கடைசியில் ஒரு பிள்ளை பிறந்தாக வேண்டும். அன்றோடு அந்தச் சொல்லை அத்தான் தலைமுழுகிவிட்டார். தொடை இடுக்கு என்று சொல்வதற்கோ கூச்சம். மிச்சம் இருந்தது முட்டி. முட்டி கௌரவமான இடம், யாரும் சிரிக்க மாட்டார்கள். உண்மையாகவே முட்டியிலும் கொஞ்சம் வலி இருந்ததால் அவர் மனசாட்சியும் தொந்தரவு செய்யவில்லை.

ஆக, ஒரு பாவமும் அறியாத அந்த முட்டிக்கு வைத்தியம் தொடங்கியது. தைலம் தேய்த்தார்கள், பட்டை மாட்டினார்கள், சிவப்பு விளக்கு எரியும் ஏதோ ஒரு கருவியால் சூடு காட்டினார்கள். எக்ஸ்ரே எடுத்த டாக்டர், "உங்க முட்டியைப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்குங்க" என்றாராம். அத்தான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். நடை மட்டும் நாளுக்கு நாள் சாய்ந்துகொண்டே போனது.

சாயங்காலம் அவரும் அக்காவும் கடைத்தெரு வரை நடப்பது வழக்கம். சில நாள் நானும் சேர்ந்துகொள்வேன். இப்போது பாதி வழியிலேயே அக்கா நின்றுவிடுவாள். "மூச்சு வாங்குதுங்க. கொஞ்சம் உக்காந்துட்டுப் போவோம்." பஸ் ஸ்டாப் பெஞ்சில் இருவரும் உட்காருவார்கள். அத்தான் கையிலிருக்கும் பேப்பரால் அவளுக்கு விசிறிவிட்டு, என்னிடம் ரகசியமாக, "உங்க அக்காவுக்கு முன்ன மாதிரி தெம்பு இல்லம்மா" என்பார். எனக்கும் கவலையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவரை எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்த டாக்டரம்மா முட்டியை அமுக்கிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். பிறகு, "சரி, ஷூவைப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு, பேனாவை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். அத்தான் காலை எட்டாத தூரத்தில் நீட்டி, உடம்பை ஒருக்களித்து, ஷூவைக் கட்டில் காலோடு முட்டுக்கொடுத்து உள்ளே நுழைக்கப் படாத பாடு பட்டார்.

"படுங்க" என்றார் டாக்டரம்மா. தொடையை மடக்கிப் பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் தள்ளினார். அத்தான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து போயேவிட்டார்.

"எங்க வலிக்குது?"

அத்தான் மேலே மின்விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அது... தொடைக்கு மேல... உள்ளுக்குள்ள..."

"இடுப்பு மூட்டுன்னு சொல்லுங்களேன்."

"இடுப்பு வலி பொம்பளைங்களுக்குத்தானே வரும் டாக்டர்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு தாளில் படம் போட்டார். "இது கிண்ணம். அதுக்குள்ள சுத்துற உருண்டை உங்க தொடை எலும்பு. நடுவுல வழவழன்னு ஒரு பூச்சு இருக்கும். உங்களுக்கு அது தேஞ்சு எலும்போட எலும்பு உரசுது. வலி தொடை இடுக்குல ஆரம்பிச்சு முட்டி வரைக்கும் இறங்கும். முட்டி உங்களை ஏமாத்திடுச்சு."

"நான்தான் முட்டியை ஏமாத்திட்டேன்" என்றார் அத்தான், சின்னக் குரலில்.

மாத்திரை கொடுத்தார்கள். தொடைக்குப் பலம் வர உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். எடையைக் குறைக்கச் சொன்னார்கள். வலது பக்கம் வலித்தால் தடியை இடது கையில் பிடிக்க வேண்டும் என்று புரிய வைப்பதற்குள் எல்லோருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. சில மாதம் தாக்குப்பிடித்தது. அப்புறம் படுக்கையில் புரள முடியாமல் போனது, பஸ் படி ஏற முடியவில்லை. புது எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "மூட்டை மாத்திடலாம். நல்லா நடப்பீங்க. தள்ளிப்போட்டா தொடை மெலிஞ்சுக்கிட்டே போகும், அப்புறம் சக்கர நாற்காலிதான். ஆனா ஒண்ணு, மாத்தினப்புறம் குட்டை ஸ்டூல்ல உக்காரக் கூடாது."

"அப்ப வேண்டாம்" என்றார் அத்தான்.

முதலாளி நல்ல மனிதர். மெத்தை பெஞ்சை ஒரு மேடைமேல் ஏற்றி, எதிரே சாதாரண நாற்காலி போட்டுவிட்டார். இனி என்ன சாக்கு சொல்வார் என்று பார்த்தேன். ஒரு நாள் அக்கா இல்லாத நேரம் பார்த்து என்னிடம் சொன்னார்: "நான் ஆஸ்பத்திரியில படுத்துட்டா உங்க அக்காவால அலைய முடியுமா? நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது. எனக்குக் கால் போனாலும் பரவாயில்ல, அவளுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடக் கூடாது."

அந்த வாரமே அக்கா என் வீட்டுக்கு வந்தாள். நான் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அத்தான் அந்தப் படிகளை மிதித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அக்கா ஒரு கையில் எண்ணெய் டின், மறு கையில் காய்கறிப் பை, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன் என்று யாரோடோ சண்டை போட்டபடியே மேலே வந்து சேர்ந்தாள். நான் அவள் நெஞ்சையே பார்த்தேன். அது பாட்டுக்கு நிதானமாக இருந்தது.

"உனக்கு மூச்சு வாங்கலையா?"

அக்கா பையைக் கீழே வைத்தாள். "அவருக்கு வலிச்சா வாயைத் திறக்க மாட்டாருடி. உக்காரவும் மாட்டாரு. எனக்குன்னா உடனே உக்காருவாரு. அதான்." பிறகு பதறிப்போய், "சொல்லித் தொலைச்சிடாத" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒருத்தி அவர் காலுக்காக நோயாளியாக நடிக்கிறாள். இன்னொருத்தர் அந்த நோயாளிக்காகக் காலையே பறிகொடுக்கத் தயாராக இருக்கிறார். நேரே கடைக்குப் போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன்.

அத்தான் கையில் ஒரு ஒற்றை ஷூவோடு உட்கார்ந்திருந்தார்.

"மூணு மாடியுமா?"

"மூணு மாடியும்."

"நிக்காமயா?"

"போன்ல சண்டை போட்டுக்கிட்டே."

அந்த ஷூவின் நாடாவை அவிழ்த்தார். திரும்பக் கட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டாக்டருக்குப் போன் போடும்மா" என்றார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தார்கள். குனியக் கூடாது என்பதால் அக்காதான் சாக்ஸ் மாட்டிவிட்டாள். "குதிகால் நேரா வரட்டும், நுனியை முறுக்காத" என்று இவர் படுத்திய பாட்டில் அவள், "கஸ்டமர்னா கஸ்டமரா உக்காருங்க" என்று அதட்டிவிட்டாள்.

தடியைக் கீழே வைத்த பிறகு மூவரும் முதல்முறையாகக் கடைத்தெருவுக்கு நடந்தோம். அக்கா பழைய பழக்கத்தில் ஊர்ந்துகொண்டே வந்தாள். இரண்டு தெரு பொறுத்துப் பார்த்தார் அத்தான்.

"உன் நடையை நட" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்து முறைத்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். எட்டு எடுத்து வைத்தாள் என்றால் அப்படி ஒரு எட்டு. கொஞ்ச நேரத்தில் பஸ் ஸ்டாப்பையும் தாண்டிவிட்டாள். அத்தான் வாயைப் பிளந்துகொண்டு அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத்தனை நாள் இந்த நடையை எங்க வச்சிருந்தா இவ?" என்றார்.

பதிலுக்குக்கூட நிற்கவில்லை, அவளை எட்டிப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.