பதினோரு தாள்களில் என் கையெழுத்து

1951, மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை மணி. மலாயாவில் அவசரகாலச் சட்டம் நடப்பிலிருந்த நேரம். மந்தினுக்கு அருகே எங்கள் ரப்பர் தோட்டத்தின் முள்கம்பி வாசலில் சோதனை நடந்தது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்பதற்கான சோதனை. தபால் நிலையத்துக்குப் புறப்பட்ட என் மனைவியின் பையில் அரிசி இல்லை. அவள் தமிழில் எழுதிய பதினோரு தாள்கள் இருந்தன. அவளை நிறுத்திவைத்தனர்.

அது ஒரு பத்திரிகைக்கான கட்டுரை. பழைய அகப்பாட்டுகளில் பெண் பேசுவனவற்றைப் பெண்களே இயற்றினார்கள், ஆண் புலவர் பெயர்கள் பின்னால் ஒட்டப்பட்டவை என்பது அவள் கொள்கை. நான் மாதக்கணக்கில் மறுத்துவந்தேன்.

"ஆம்பள எழுதுனா காத்திருக்கிறவ அழ மட்டுந்தாங்க செய்வா. இதுல அழுதுகிட்டே வேலையும் பாக்கறா. பால் வெட்டப் போற பொம்பளைங்களக் கேட்டுப் பாருங்க."

ஆதாரம் கேட்பேன்.

"அதெல்லாம் உங்க ஆபீஸ்ல இருக்கும் லா" என்பாள்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான என்னை அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். போலீசுக்கு மொழிபெயர்க்க வந்திருந்த தமிழர் மூன்றாம் தாளில் விரல் வைத்திருந்தார்.

"இருட்டுல காட்டு வழியா ஒருத்தன் இவளப் பாக்க வரான்னு எழுதியிருக்கே. யாருங்க கிராணி அவன்?"

"பாட்டுல வர்றவர். ரொம்பப் பழைய காலத்து ஆளு."

"இப்ப எங்க இருக்கான்?"

நான் விளக்கினேன். அவர் முகம் மாறவில்லை.

"சரி, யாரு எழுதுனது?"

தடுப்புக்காவல் என்ற சொல் அப்போது எல்லார் வீட்டிலும் இருந்தது. அவள் வாய் திறக்குமுன், "நான்தான்" என்றேன். கிராணியின் சொல் எடுபட்டது. ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கப் பதினோரு முறை போட்டேன்.

அந்தக் கையெழுத்து இருந்தால்தான் தாள்கள் வாசலைத் தாண்டும். ஆகவே அவற்றையே அனுப்பினோம். கட்டுரை என் பெயரில் வந்தது. பின்னாளில் இருவர் தங்கள் நூல்களில் என்னை மேற்கோள் காட்டினர். அவசரகாலம் முடிந்ததும் திருத்திவிடலாம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். முடிந்தது. நான் திருத்தவில்லை. பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது.

"விடுங்க. அந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்கும் இப்படி ஒரு கிராணி வாச்சிருப்பாரு. ஆதாரம் கேட்டீங்களே, கிடைச்சுதா?" என்று சிரிப்பாள்.

சென்ற மாதம் அவள் இறந்தாள்.

செய்யாமல் இருப்பவை:

மேற்கோள் காட்டிய இருவருக்கும் உண்மையை எழுதுவது.

கட்டுரையை அவள் பெயரில் மறுபடி அச்சிடுவது.

அவள் கொள்கையை ஏற்கிறேன் என்று அதற்கு ஒரு முன்னுரை எழுதுவது.

மருத்துவமனையில் விட்டுவந்த அவள் மூக்குக்கண்ணாடியை வாங்கிவருவது.