கம்பம்மெட்டு ஜீப்புக்கு எந்தக் கார்பன்

காலை 6.10. உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ் ஏறினேன். சம்ரீன், இர்ஃபான், நீங்கள் ரெண்டு பேரும் அப்போது தூங்கிக்கொண்டிருந்தீர்கள். உங்களிடம் சொல்லாமல் போனதால்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். உங்கள் அத்தா நான் பதினோரு வருசமாக ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறேன். தண்ணித் தொட்டி, ஜீப்புக்கு மேல்கூரை, ஆட்டோவுக்கு மட்கார்டு எல்லாம் கண்ணாடி நாரில் செய்து பழக்கம். கேரள எல்லையில், கம்பம்மெட்டில் ஏலத்தோட்டம் வைத்திருக்கிற பினு என்பவர் தன் ஜீப்பின் எஞ்சினை மூடக் கார்பன் நாரில் பானட் வேண்டும் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையில் நடக்கிற ஜீப் பந்தயத்துக்கு வண்டி எடை குறையணுமாம். "இக்காக்கு அறியுமோ?" என்று கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டேன். தெரியாது. அன்றைக்கு ராத்திரியிலிருந்து எனக்கு இருப்பே கொள்ளவில்லை.

டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய், முப்பது கிலோமீட்டர். ஆனி மாசக் காற்று ஜன்னலை ஆட்டிக்கொண்டே வந்தது. சின்னமனூரில் உட்கார இடம் கிடைத்தும் வீரபாண்டி வரை நின்றுகொண்டே போனேன். கண்டக்டர், "பாய், ஒக்காருங்க, பஸ்ஸு உங்களுக்காக வேகமாப் போகாது" என்றார். உட்கார்ந்தேன். ரெண்டு நிமிசத்தில் திரும்பவும் எழுந்து நின்றுவிட்டேன்.

7.25. தேனி. கார்பன் துணிக் கடை திறக்க ஒன்பதரை ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தேன் என்று கேட்காதீர்கள். ரெண்டு டீ, ஒரு உளுந்த வடை. பழைய பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, திரும்ப நடந்தேன். பூட்டின ஷட்டரில் எழுதியிருந்ததை எழுத்து விடாமல் நாலு தடவை படித்தேன்.

9.40. கடைக்காரர் பாண்டி வந்தார். முப்பது வயசு இருக்கும். பைக்குக்கு வால் பாகம், காரின் பக்கக் கண்ணாடிக்கு மூடி எல்லாம் கார்பனில் செய்கிறவர், துணியையும் மீட்டர் கணக்கில் விற்கிறார். நான் கார்பன் என்றால் ஒரே துணி என்று நினைத்துப் போயிருந்தேன். அவர் மேசையில் ஒவ்வொன்றாக நாலு ரகம் விரித்தார்.

ஒன்று, நம் வீட்டுக் கோரைப்பாய் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினது. மடங்காது, தட்டையான பாகத்துக்கு ஆகும். இன்னொன்று, இர்ஃபான் போடுகிற ஜீன்ஸ் துணி மாதிரி சாய்வுக் கோடு ஓடுவது. ட்வில் என்கிறார்கள். வளைவுகளில் அழகாகப் படியும். துணிக்கு 3கே, 12கே என்று நம்பரும் உண்டு. ஒரு இழையில் மூவாயிரம் நார் இருந்தால் 3கே, பன்னிரண்டாயிரம் என்றால் 12கே. 12கே பட்டையாக இருக்கும், சீக்கிரம் கனம் ஏறும், ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தால் முரடு. மூன்றாவது ரகத்தில் நெசவே இல்லை. நாரைத் துண்டு துண்டாக வெட்டி அச்சில் போட்டு அமுக்கினால் மார்பிள் கல் மாதிரி வருகிறது. கடைசியாக ஒன்று காட்டினார். கறுப்பும் மஞ்சளும் கலந்து, குளவி முதுகு மாதிரி. மஞ்சள் இழை கெவ்லார், குண்டு துளைக்காத சட்டைக்குப் போடுவதாம். சுவரில் கார்பன் மாதிரி அச்சடித்த ஸ்டிக்கரும் தொங்கியது, அடி எண்பது ரூபாய். "பாதிப் பேரு கேக்கறது இதுதான் பாய், வெளிய சொல்ல மாட்டாக" என்றார்.

3கே ட்வில் மீட்டர் இரண்டாயிரத்து நூறு. கறுப்பு மஞ்சள் மீட்டர் இரண்டாயிரத்து அறுநூறு. நம் பட்டறை ரெசினை இதில் ஊற்றினால் சரியாகப் பிடிக்காது, எபாக்சிதான் வேண்டும் என்றும் சொன்னார். நான் அதைத்தான் ஊற்றுவதாக இருந்தேன்.

எஞ்சின் சூடு எப்படி, வண்டி வெயிலில் நிற்குமா என்று விசாரித்தார். ஜீப் பந்தயம் என்றதும், வேறு யோசனையே வேண்டாம், 3கே ட்வில் ரெண்டு அடுக்கு, மேலே வெயில் தாங்குகிற வார்னிஷ் என்று முடித்துவிட்டார். கையோடு ரெண்டு பலகை கொடுத்தார். ஒரு சாண் நீளம், ஒரே தடிமன், ஒன்று முழுக் கறுப்பு, ஒன்று கறுப்பு மஞ்சள். வண்டிக்காரர் வெயிலில் வைத்துப் பார்த்துச் சொல்லட்டும், வெட்டின துணியைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றார். ட்வில்லில் ஒரு ரோல்தான் மிச்சம். ஆறு மணிக்குள் போன் வராவிட்டால் அது மதுரைக்குப் போய்விடும்.

10.50. கம்பம் பஸ். நாற்பது கிலோமீட்டர், முப்பத்தஞ்சு ரூபாய். 11.50-க்கு உத்தமபாளையத்தில் பத்து நிமிசம் நின்றது. நம் தெரு முனை ஜன்னலில் தெரிந்தது. இறங்கிச் சோறு தின்றுவிட்டுப் போயிருக்கலாம். இறங்கவில்லை. கம்பத்தில் மத்தியான ளுஹர் தொழுதேன். தொழுகையிலும் மணி என்ன ஆச்சு என்றே மனசு கேட்டது, அல்லாஹ் மன்னிக்கணும்.

1.15. கம்பம் ஜீப் ஸ்டாண்டு. பினுவின் ஜீப் நின்றது. ஓட்டுகிறவர் முருகேசன், கம்பத்துக்காரர். காலையில் தோட்ட வேலைக்குப் பெண்களை மேலே ஏற்றிப்போவார், மத்தியானம் சாமான், சாயங்காலம் திரும்பவும் பெண்கள். நான் பட்டி பூசி, அச்சு எடுத்துக்கொண்டு, பெயின்ட் அடித்து நேற்றுத் திருப்பிக் கொடுத்த இரும்பு பானட் அதில் பளபளவென்று இருந்தது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அரிசி மூட்டை, உர மூட்டை, ஒரு தண்ணித் தொட்டி எல்லாம் மேல் கேரியரில் ஏறின. கயிறு கட்டணும். முருகேசன் பம்பரில் ஒரு கால் வைத்தார். அடுத்த கால் என் பானட்டின் மேல். முன்பக்கக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ரெண்டு காலையும் ஊன்றி, பின்னால் சாய்ந்து கயிற்றை இழுத்தார். டப் என்று ஒரு சத்தம். நான் வைத்த பட்டி ஒரு சில்லாகப் பெயர்ந்து என் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது.

"என்ன முருகேசு, பானட்டு மேல ஏறுற?"

"பெறகு எங்கன ஏற? வானத்துலயா?" என்றார். கயிற்றை விடவில்லை. "இங்கன எல்லா ஜீப்பும் இப்படித்தான் பாய். கால் வைக்கத் தோதா ரெண்டு பள்ளம் இருந்துச்சு. எந்த மகராசனோ அதத் தூத்துட்டான்."

அந்த மகராசன் நான்தான். ஒடுக்கு என்று நினைத்துப் பட்டி போட்டு மூடினேன். மூடின வடிவத்தில்தான் அச்சும் எடுத்தேன். அது வருசக்கணக்காகக் கால் விழுந்த இடம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்டாண்டில் இருந்த மற்ற ஜீப்புகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே ரெண்டு பள்ளம்.

பதினாலு கிலோமீட்டர் மலை ஏற்றம், ஆளுக்கு ஐம்பது ரூபாய். முருகேசன் என்னிடம் வாங்கவில்லை. வளைவுகளை எண்ணத் தொடங்கி ஐந்தாவதில் விட்டுவிட்டேன். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். இரும்பு மிதித்தால் நெளியும். கார்பன் நெளியாது, தாங்குகிற வரை தாங்கிவிட்டுச் சட்டென்று உடையும். அப்படியே உடைந்தால்கூட முருகேசன் காலோடு போகும். உடையாமல், பானட்டைப் பிடித்திருக்கிற கொண்டிப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டால்? இறக்கத்தில் காற்று அடியில் புகுந்து பானட்டைத் தூக்கிக் கண்ணாடியில் அறையும். முன்னால் பள்ளத்தாக்கு, பின்னால் பதினோரு பெண்கள்.

2.30. கம்பம்மெட்டு. பினு ரெண்டு பலகையையும் வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கறுப்பைத்தான் பிடித்தது. இப்போதே போன் பண்ணச் சொன்னார். இந்த ஆர்டர் போனால் கார்பன் வேலை இனி எனக்கு வராது. ஆனாலும், முருகேசன் மிதித்தால் இது உடையும் என்று சொன்னேன். கார்பன் வேலை இதுதான் முதல் தடவை என்பதையும், பள்ளத்தை மூடினதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.

பினு சிரித்தார். முருகேசன் இனி பானட்டில் ஏற வேண்டாம், தீர்ந்தது என்றார். ஏறாமல் எப்படிக் கட்ட, நீங்கள் வந்து கட்டிக் காட்டுங்கள் முதலாளி என்றார் முருகேசன். சரி, ஞாயிற்றுக்கிழமைக்குக் கார்பன், மற்ற நாளைக்கு இரும்பு என்றார் பினு. அதைக் கழற்றி மாட்ட யார் வருவது என்று முருகேசன் கேட்டார். எனக்கும் அதே பயம்தான். ஏதோ ஒரு திங்கட்கிழமை மழையில் கழற்ற மறந்துபோகும். கால் பழக்கத்தில் தானாக ஏறும்.

பேசிப் பயனில்லை என்று ரெண்டு கல்லை எடுத்துப் போட்டேன். கறுப்புப் பலகையை இரண்டுக்கும் பாலமாக வைத்தேன். "ஏறு முருகேசு."

"செருப்போடவா?"

"தெனம் எப்படி ஏறுவியோ அப்படி."

ஏறினார். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பலகை ரெண்டாகிவிட்டது. பினு குனிந்து ஒரு துண்டை எடுத்தார், உடனே கையை உதறினார். விரலில் ரத்தம். விளிம்பு பிளேடு மாதிரி இருந்தது. அடுத்தது கறுப்பு மஞ்சள். அதுவும் முறிந்ததுதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் மஞ்சள் நார் விடாமல் பிடித்துக்கொண்டது. பலகை தொட்டிலாகத் தொங்கியதே தவிர ரெண்டாகவில்லை, கூர்முனையும் கிளம்பவில்லை.

பினு விரலைச் சப்பிக்கொண்டே தொங்கின பலகையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, "எத்ர வெயிட் கூடும் இக்கா?" என்றார்.

ஒன்றரை கிலோ கூடும் என்றேன். இரும்பு பானட்டை நானே நிறுத்திருக்கிறேன், பதினாலு கிலோ. புதுசு அதில் பாதிகூட வராது. மேலே 3கே ட்வில் ஒரே ஒரு அடுக்கு, அழகுக்கு. அடியில் கறுப்பு மஞ்சள் மூணு அடுக்கு. கால் வைக்கிற இடத்தில் மட்டும் நடுவே கெட்டி நுரைப் பலகை. இரும்புக் கொண்டி கார்பனைத் தொட்டால் இந்த மலை ஈரத்தில் இரும்பு அரித்துப்போகும், அதனால் இரண்டுக்கும் இடையில் நம் பழைய கண்ணாடி நார். வெளியே கறுப்பு மட்டும் தெரிந்தால் மதி, அதாவது போதும், என்றார் பினு. அந்த 'மதி'யைக் கேட்ட பிறகுதான் காலையிலிருந்து பசிக்கிறது என்பதே தெரிந்தது.

4.10-லிருந்து போன் போட்டேன். மெட்டில் ஒரு டவர் தமிழ் பேசும், ஒரு டவர் மலையாளம் பேசும், நடுவில் நின்றால் ரெண்டும் பேசாது. சாலையில் மேலும் கீழும் நடந்தேன். 4.55-க்குப் பாண்டி கிடைத்தார். ட்வில் ரெண்டு மீட்டர், மற்றது ஆறு மீட்டர், எடுத்து வைக்கச் சொன்னேன். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "அதக் கேக்க எனக்குத் தோணலையே பாய்" என்றவர், கெவ்லாரை வெட்டச் சாதாரணக் கத்திரி வழுக்கும் என்றும், தன்னுடையதை இரவல் தருவதாகவும் சொன்னார்.

வேலை முடிந்து பெண்கள் வந்து சேர்ந்தார்கள். கிளம்புவதற்குள் ஒரு நியூஸ் பேப்பரை பானட்டின் மேல் விரித்து, முருகேசனை ஏறி நிற்கச் சொல்லி, ரெண்டு காலையும் சுற்றிப் பேனாவால் கோடு இழுத்தேன். கூட்டத்தில் ராசாத்தி என்ற ஒரு அம்மா, "ஏலே முருகேசு, பாய் ஒனக்குச் செருப்பு தைக்கிறாகளா, கொலுசு செய்றாகளா?" என்றார். பதினோரு பேரும் சிரித்தார்கள். முருகேசன் அசையாமல் நின்றார். வெட்கத்தில் காது மட்டும் சிவந்துவிட்டது.

5.20-க்கு இறக்கம். ஒவ்வொரு வளைவிலும் கீழே கம்பம் வயலும் திராட்சைத் தோட்டமும் தெரியுமாம், ரொம்ப அழகாம். நான் பார்க்கவில்லை. அடிவாரம் வரை பானட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். பின்னால் ராசாத்தி அம்மா தூங்கிவிட்டார். அவர் தலை என் சீட்டின் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். தேனிக் கடையில் ரகமும் விலையும் தெரிந்தது. எங்கே கனம் வேண்டும் என்பது அங்கே எழுதியிருக்கவில்லை. அதற்கு மலை ஏற வேண்டியிருந்தது. நம் பட்டறைக்கு வந்த பானட்டிலேயே அது பள்ளமாக இருந்தது, நான்தான் தேய்த்து மூடினேன்.

அந்தப் பேப்பர் பட்டறைச் சுவரில், அச்சுக்கு நேர் மேலே ஒட்டியிருக்கிறது. இடது கால் கொஞ்சம் வெளியே திரும்பியிருக்கும், முருகேசன் அப்படித்தான் நிற்பார். இர்ஃபான், அதில் கார் படம் வரைந்துவிடாதே. பானட் முடிகிற வரை அந்த ரெண்டு காலும் அங்கேயே நிற்கட்டும்.