ஆடி மாதம் நல்லது என்று எழுதினேன்

அண்ணையின் கடிதம் தொண்ணூறாம் ஆண்டு பொங்கல் கழிந்து சில நாட்களில் வந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பு வேலையை விட்டு ஓடி, ஜெர்மனிக்குப் போய், அங்கேயே ஒருத்தியைக் கலியாணம் செய்து இரண்டு பிள்ளைகளும் பெற்றிருந்தார். சண்டை ஓய்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, நாலு கிழமை விடுமுறைக்குக் குடும்பமாக வர நினைத்தார். எந்த மாதம் நல்லது என்று பார்த்து எழுதச் சொல்லி எனக்குக் கட்டளை. மழை இருக்கக்கூடாது. கடிக்கிற நுளம்பு குறைவாக இருக்க வேண்டும். மனைவி நீந்துவாள், அதனால் கடல் அடங்கியிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு மாமரத்தில் பழம் காட்ட வேண்டும். கடைசி வரியில், "ஐயா சுகம்தானே?"

ஐயா பாரிசவாதம் வந்து நாலு வருடமாகப் படுக்கையில் கிடந்தார். வலது கையும் காலும் இயங்காது. நான் அச்சுவேலியில் படிப்பித்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அவரைக் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. பார்க்க வருகிறவர்களிடம் ஐயா சொல்லுவார்:

"உவளை ஆரும் கேட்டு வரேல்லை. அதாலைதான் என்னோடை கிடக்கிறாள்."

இரண்டு பேர் பெண் கேட்டு வந்தார்கள். இரண்டு பேரையும் திருப்பி அனுப்பியது அவர்தான்.

கடிதம் வந்த அதே கிழமை டாக்குத்தரும் வந்து பார்த்தார். முற்றத்தில் மோட்டார்சைக்கிளில் ஏறியபடி மெதுவாகச் சொன்னார்: "சித்திரை காண்பார் எண்டு நான் நினைக்கேல்லை, தங்கச்சி. பாக்க வாறவை இருந்தால் கெதியா வரச் சொல்லுங்கோ."

உள்ளே போய் ஐயாவுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அழுதார். "மாசியிலை வரச் சொல்லு" என்றார். பிறகு, நான் மத்தியானக் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனபோது முகத்தைத் திருப்பினார்.

"அவன் வந்து அவன்ரை கையாலை ஒரு வாய் தரவேணும். உன்ரை கையாலை திண்டு திண்டு எனக்கு அரியண்டமாப் போச்சு."

அன்று பின்னேரம் அண்ணைக்குப் பதில் எழுதினேன். ஆடி மாதம் நல்லது என்று எழுதினேன். மழை இல்லை, தெற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றுக்கு நுளம்பு நிற்காது, பருத்தித்துறைக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுத்து விழும். எல்லாம் உண்மை. "ஐயா சுகமாக இருக்கிறார்" என்ற ஒரு வரிதான் பொய். கடிதத்தை ஐயாவுக்கு வாசித்துக் காட்டும்போது, ஆடி என்று எழுதிய இடத்தில் எல்லாம் மாசி என்று வாசித்தேன்; சோளகத்தையும் மாம்பழத்தையும் விட்டுவிட்டேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுச் சிரித்தார்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு நாள் மீன் வாங்கச் சந்தைக்குப் போயிருந்த நேரம் அண்ணையின் பதில் வந்திருக்கிறது. ஐயா தபால்காரரைக் கொண்டே அதை வாசிப்பித்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது கடிதம் அவருடைய நெஞ்சில் கிடந்தது.

"ஆடி எண்டோ எழுதினனி?"

"ஓம்."

"டாக்குத்தர் என்ன சொன்னவர்?"

மீன் பையைக் கீழே வைத்தேன். "சித்திரை காணமாட்டியளாம்."

அவர் கத்தவில்லை. நல்ல கை மட்டும் படுக்கை விரிப்பின் கரையைப் பிடித்துப் பிடித்து விட்டது. பிறகு, "தந்தி ஒண்டு அடி பிள்ளை" என்றார். படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவர் என்னைப் பிள்ளை என்று கூப்பிட்டது அன்றுதான். மீனை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்கு ஓடினேன். ஐயாவுக்கு வருத்தம் கடுமை, உடனே வரவும் என்று அடித்தேன்.

நாலாம் நாள் பதில் தந்தி வந்தது. ரிக்கற் மாற்ற முடியாது, ஆடியில் வருகிறோம், ஐயாவைப் பார்த்துக்கொள்.

ஐயா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாறாராம்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதற்கு முன்பு பொய் வாசித்தவள்தானே நான். ஆனால் அன்றைக்கு உள்ளதை உள்ளபடி வாசித்தேன்.

அதற்குப் பிறகு அவர் என் கையால் உண்ணவில்லை. இடது கையால் கிண்ணத்தை எடுக்கப் பார்ப்பார். கஞ்சி கழுத்தில் வழியும். நான் சுவரோடு நின்று பார்ப்பேன், பிறகு துடைப்பேன். பங்குனி நடுவில் போய்ச் சேர்ந்தார். கடைசி மூன்று நாளும் அண்ணையின் பெயரைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தான்.

ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியது. பாதையை மூடிவிட்டார்கள். ஆடியில் மாமரத்தின் கீழ் பழம் அழுகிக் கிடந்தது. ஹெலிகொப்டர் சுட்டுக்கொண்டு திரிந்ததால் பொறுக்க ஒருவரும் வெளியே வரவில்லை. நான் பக்கத்து வீட்டுக்காரர் வெட்டிய பங்கர் குழிக்குள் இருந்தேன். எடுத்த லீவு வீணாகக்கூடாது என்று அண்ணை குடும்பத்தோடு வேறு ஏதோ நாட்டுக் கடற்கரைக்குப் போனதாக மறு வருடம் ஒரு படம் வந்தது. நாலு பேரும் தொப்பி போட்டிருந்தார்கள்.

அண்ணை வந்தது தொண்ணூற்றைந்து மாசியில். அப்போதும் சண்டை சில மாதம் நின்றிருந்தது. கடல்நீரேரியைப் படகில் கடந்து தனியாக வந்தார். தலை நரைத்து, வயிறு வைத்திருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுவிட்டு முன்னால் இருந்து சொன்னேன். ஐந்து வருடமாக ஒருவரிடமும் சொல்லாதது. டாக்குத்தர் சொன்னதை மறைத்துத்தான் ஆடி என்று எழுதினேன் என்றேன்.

அவர் மீன் முள்ளை எடுத்துக் சோற்றுக் கோப்பைக் கரையில் வைத்தார்.

"அது எனக்குத் தெரியும். அந்த டாக்குத்தர் என்னோடை படிச்சவன். உன்ரை கடிதத்துக்கு முன்னமே அவன்ரை கடிதம் வந்திட்டுது."

"தெரிஞ்சுகொண்டோ ஆடிக்கு ரிக்கற் போட்டனியள்?"

"என்ரை மனிசிக்கு ஆடியிலைதான் லீவு. நீயும் ஆடி எண்டு எழுதினாய். எனக்கு வசதியாப் போச்சு." பிறகு, "கொஞ்சம் சொதி விடு" என்றார்.

விட்டேன்.

பத்து நாள் நின்றார். ஒவ்வொரு நாளும் காலையில் கடலுக்குப் போய் முழுகிவிட்டு வந்து, வெயில் நல்லாயிருக்கிறது என்று சொல்லுவார். போகிற அன்று காலை வாடகை வான் வந்து வாசல் ஒழுங்கையில் நின்றது. பையைத் தூக்கியவர் மறுபடி கீழே வைத்தார்.

"ஐயா கடைசியிலை என்னைக் கேட்டவரோ?"

"இல்லை" என்றேன். "தந்தி வந்ததுக்குப் பிறகு உங்கடை கதையே எடுக்கேல்லை."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே திரும்பப் போட்டார். வான்காரன் ஹோன் அடித்தான். பையை அவனே வந்து தூக்கிக்கொண்டு போனான்.

வான் ஒழுங்கை முடக்கில் திரும்பி மறையும்வரை வாசல் படலையில் நின்றேன். பிறகு உள்ளே வந்து பாயை விரித்துப் படுத்தேன். பின்னேரம் வரைக்கும் நல்ல நித்திரை.