ஏழாம் கட்டையின் நடுக்கம்

இலங்கையின் தெஹியோவிட்டயில் என் கடையில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், ஆர்மோனியம் மூன்றும் பழுது பார்த்தேன். 1998இல் துபாயிலிருந்து வந்த மச்சான் ஒரு ட்யூனர் மெஷின் கொடுத்தார். சுரம் சரியாக இருந்தால் அதன் முள் நடுவில் நிற்கும், இறங்கினால் இடப்பக்கம் சாயும். அதுவரை காதால் சுருதி சேர்த்தவன் அன்றிலிருந்து கண்ணால் சேர்த்தேன்.

அந்த வருடம் திருவிழாவுக்கு முன் ரப்பர் தோட்டத்துப் பஜனைக் குழுவின் ஆர்மோனியப் பெட்டி வந்தது. சுரம் எழுப்பும் பித்தளை நாக்கான ரீட் ஒவ்வொன்றையும் அரத்தால் தேய்த்து, முள்ளை நடுவில் நிறுத்திக் கொடுத்தேன். ஒத்திகைக்கும் கூப்பிட்டார்கள். ரப்பர் பால் வெட்டுகிற மாரியாயி அக்காதான் அங்கே பத்து வருடமாக முதல் பாட்டுப் பாடுகிறவர். இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டார்.

"ஏழாங்கட்டை ஏறி நிக்குதுங்க பாஸ். கொஞ்சம் எறக்கிக் குடுங்க."

எங்கள் பக்கம் கைவேலைக்காரர் எல்லாரும் பாஸ்தான். பெட்டியின் ஏழாவது வெள்ளைக் கட்டையை அமுக்கி, மெஷினை வைத்துப் பார்த்தேன். முள் நடுவில் நின்றது.

"மெஷின் சரியாத்தான் காட்டுது. ஒங்க கொரல்தான் எறங்குதுக்கா" என்றேன்.

கமிட்டித் தலைவர் இதற்காகவே காத்திருந்தவர். "பாஸே சொல்லிட்டாரு. இந்த வருசம் மொதப் பாட்டு நான் பாடிக்கிறேன். நீ கூட்டத்தோட பாடு மாரியாயி." அவர் பாடுவது மூன்று கட்டையில், அதாவது மூன்றாம் கட்டையை 'ச'வாக வைத்து; ஆண் குரலுக்கு அது ரொம்ப உயரம். அது அவருக்குப் பெருமை, எங்களுக்குக் காதுவலி.

மறுநாள் பால் நிறுத்துக் கொடுத்த கையோடு அக்கா கடைக்கு வந்தார். தலையில் ஆர்மோனியப் பெட்டி.

"என் சுருதி அஞ்சு கட்டை. அதையும் ஏழையும் சேத்து அமுக்குங்க. மெஷினப் பாக்காதீங்க."

அமுக்கினேன். இரண்டு சுரத்துக்கும் நடுவே ஒரு நடுக்கம், ஆணி கழன்ற தகரம் மாதிரி.

"இப்ப அஞ்ச மட்டும்" என்று சொல்லி, ஏழாம் கட்டைச் சுரத்தைத் தானே பாடினார். நடுக்கம் இல்லை.

"கொரல் போயிருச்சின்னு நேத்து முழுக்க அழுதேங்க பாஸ்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ரீட் நாக்கைப் பொருத்தியிருக்கும் முனையில் சுரண்டினால் சுரம் இறங்கும். சுரண்டினேன். நடுக்கம் நின்றபோது முள் நன்றாக இடப்பக்கம் கிடந்தது. மெஷின் மேலும் குற்றமில்லை. எந்தக் கட்டையில் பாடினாலும் ஒப்பேற்றுவதற்காக அது பன்னிரண்டு சுரத்துக்கும் இடைவெளியைச் சமமாகப் பங்கு போடுகிறது. ஒரே சுருதியில் நிற்கிற குரலுக்கு அந்தப் பங்கு ஒத்துவராது.

மாலை ஒத்திகையில் எல்லார் முன்னாலும் சொன்னேன். "அக்கா கொரல்ல ஒரு தப்பும் இல்லீங்க. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

தலைவர் நம்பவில்லை. மூன்று கட்டையில் பாடிக் காட்டினார். அந்தச் சுருதிக்கு, நான் இறக்கிய ஏழாம் கட்டைதான் பஞ்சமம், 'ப'. பஞ்சமம் வந்ததும் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போனது.

"என்ன பாஸ், பெட்டி எறங்கிக் கெடக்குது?"

"பெட்டி சரிங்க தலைவரே. இது அக்காவுக்குச் சேத்தது."

திருவிழாவில் அக்கா முதல் பாட்டைப் பாடினார். தலைவர் தாளம் போட்டார்.

மெஷின் இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் அதை வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் பெட்டியைத் திறக்குமுன் யார் பாடப் போகிறார்கள் என்று கேளுங்கள். அந்த ஆளை வரச் சொல்லுங்கள். வந்தபின் திறந்தால் போதும்.