வசந்தி படியிறங்கிய கதை

“நீ சும்மா இரு நசீபா. என் மருமக பிள்ளையை விட்டுட்டு ஓடிப்போனவன்னு எவ சொன்னா? பேரைச் சொல்லு.”

“நான் பறைஞ்சதில்ல மாடத்தியக்கா. பிச்சைமணி கடையில சாயா குடிக்கிற ஆளுங்க பறையுறதுதான். கிருமியைப் படிச்ச டீச்சர், வீட்டுக்குள்ள இருந்த கிருமியைக் காணல, சுகமில்லாத பிள்ளையைப் போட்டுட்டு பிளேன் ஏறிட்டான்னு…”

“அந்தக் கிருமி என் நெஞ்சுக்குள்ள இருந்துச்சு. போய் அதையும் சேத்துச் சொல்லு.”

நசீபாவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் வாயை மூடிவிட்டாள். ஆனால் கொச்சியில், எங்கள் கொச்சங்காடியில் ஒரு வாயா இருக்கிறது? அதனால்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

வசந்தி என் மகன் சுடலைமணியின் பெண்டாட்டி. எர்ணாகுளத்தில் காலேஜ் டீச்சர். காயல் தண்ணீரில் இருக்கிற கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அதைப் பார்த்துத்தான் ஸ்காட்லாந்திலிருந்து பதினொரு மாத வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவளும் சுடலையும் பேத்தி ஸாதனாவும் போய்வருவது, நான் வீட்டைப் பார்த்துக்கொள்வது, நசீபா என்னைப் பார்த்துக்கொள்வது என்று முடிவானது.

அன்றிலிருந்து வசந்தி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. விடிவதற்குள் எழுந்து புட்டு அவித்துவிட்டு எர்ணாகுளம் போகிற படகுக்கு ஓடுவாள். சாயங்காலம் பரீட்சைப் பேப்பர் கட்டோடு வந்து, திருத்திக்கொண்டே தடுப்பூசிச் சீட்டு எங்கே, பள்ளிக்கூடத்துக் கடிதம் எங்கே என்று கேட்பாள். ஃபிரிட்ஜ் கதவில் நீளமாக ஒரு பட்டியல். எனக்கு எழுத்துத் தெரியாது, டிக் தெரியும். ஒரு டிக்காவது விழாத நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. மேட மாதம் என்றால் நம்மூர்ச் சித்திரை. அந்தப் புழுக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கம்பளிக் குல்லாயும் பூட்ஸும் மாட்டி, பழகிக்கொள் என்று வீட்டுக்குள்ளேயே நடக்கவிட்டாள்.

“ஆச்சி, நான் இங்கயே வெந்துருவேன்” என்று அது ஓடிவந்து என் மடியில் விழும். படுப்பதும் என்னோடுதான், ஒரே பாயில்.

எனக்கு இருமல் பிடித்ததும் அந்த மேடத்தில்தான். முப்பது வருஷம் சுக்குக் கிடங்கில் புடைத்தவள் நான். அந்தத் தூசிக்கு இருமாதவர் யார்? ஆனால் சுகாதாரக் கணக்கெடுக்க வந்த பெண் விடவில்லை. மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றைக் கையில் திணித்து, காலையில் சளியைத் துப்பி ஆஸ்பத்திரியில் கொடு என்றாள். நான் கொடுக்கவில்லை. காசம் என்று வந்தால் வீட்டில் எல்லோரையும் சோதிப்பார்கள், பயணம் நின்றுபோகும் என்று பயம். டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தேன். இருமல் வந்தால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு இருமினேன். வசந்தி நல்லபடியாகப் போகட்டும் என்றுதான் செய்தேன். செய்தது தப்பு.

பட்டியலில் கடைசியாக இருந்தது நெஞ்சு எக்ஸ்ரே. காசம் இல்லை என்ற சீட்டு இருந்தால்தான் அந்த நாட்டு விசா. மூன்று பேர் போனார்கள், இரண்டு சீட்டுத்தான் வந்தது. பிள்ளையின் படத்தில் ஒரு நிழல். மூன்று நாள் சளி கொடுக்க வேண்டும், அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்க எட்டு வாரம் ஆகும் என்றார்கள். வசந்தி வேலையில் சேர ஐந்து வாரம்தான் இருந்தது.

சளி கொடுக்கிற மூன்றாம் நாள் நானும் கூடப் போனேன்.

“இன்னும் ஒருக்க கண்ணு. அடியில இருந்து இருமு.”

“வரலம்மா. எச்சிதான் வருது.”

“அம்மா கும்பிட்டுக் கேக்கேன், ஒருக்க.”

பெற்ற பிள்ளையிடம் ஒரு துளி சளிக்குக் கெஞ்சுகிறாள் ஒரு தாய். வெளியே பெஞ்சில் நான் என் இருமலை முந்தானைக்குள் அமுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

எட்டு வாரம் பொறுக்க முடியுமா என்று அந்த ஊருக்கு எழுதினாள். முடியாது என்று பதில். மறுபடி எழுதினாள், அதே பதில். யார் யாரையோ போனில் பிடித்தாள். பேப்பர் கட்டு பிரிக்காமலே கிடந்தது. அப்படியிருக்கும்போது ஒரு காலையில் உலை வைக்கப் போனவள், கையில் அந்த டப்பாவோடு வந்து நின்றாள்.

“அத்தை, இது யாருக்குக் கொடுத்தது?”

“அது… பக்கத்து வீட்டுல…” என்று தொடங்கினேன். இருமல் வந்துவிட்டது.

“எத்தனை மாசமா?”

“மேடத்துல இருந்து.”

“உங்ககூடத்தானே அவ படுக்கா?”

திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பேன். அவள் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். “நாளெல்லாம் மைக்ரோஸ்கோப்புல கிருமியைப் பாக்கேன் அத்தை. உங்க இருமலைக் கேக்கலியே நான்.”

என் சளியில் காசம் என்று இரண்டே நாளில் தெரிந்தது. பிள்ளைக்கும் அதுதான் என்று டாக்டர் ஆறு மாத மாத்திரை எழுதினார். நான் பின்னறைக்குப் பாயை மாற்றினேன். சுடலை பயணத்தைக் கைவிட்டான். வசந்தி ஃபிரிட்ஜிலிருந்து பட்டியலைக் கிழித்தாள், பெட்டியைத் திறந்து துணிகளை வெளியே எடுக்கத் தொடங்கினாள்.

“நீ போவலன்னா நான் மாத்திரை திங்க மாட்டேன்.”

“விளையாடாதீங்க அத்தை. பிள்ளை இப்படிக் கெடக்கையில எப்படிப் போவேன்?”

“நீ இருந்தா மாத்திரை சீக்கிரம் கேக்குமா? இத்தனை வருஷப் படிப்பு என் சளியில முடியணுமாக்கும்? ஆறு மாசத்துல பிள்ளையைச் சுகமாக்கி உன்கிட்ட அனுப்புதேன். பொறவு அஞ்சு மாசம் இருக்குல்லா?”

“அம்மா, குளிரு போன பொறவு வாரேன்” என்றது கட்டிலில் இருந்த ஸாதனா. “அப்ப பூட்ஸ் வேண்டாம்லா?”

வசந்தி சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நான் அன்றைய மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். வேர்வையில் அதன் சாயம் உள்ளங்கையில் ஒட்டியது. அவள் டிக்கெட் எடுத்த பிறகுதான் விழுங்கினேன்.

ஓணம் கழிந்த மூன்றாம் நாள் காலை. கார் சந்துக்குள் வராது. சுடலை பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். வசந்தி கைப்பெட்டியோடு படியிறங்கினாள். உடனே திரும்பி வந்து பிள்ளையின் மாத்திரையை எண்ணிப் பார்த்தாள். மறுபடி இறங்கினாள். மறுபடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இருக்கிறதா என்று. அவள் மூன்றாம் முறை இறங்கியபோது, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை, “அம்மா” என்று கத்திக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தது.

நான் பிள்ளையை ஒரு கையால் பிடித்து இழுத்தேன். இன்னொரு கையால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

“அத்தை, கதவைத் தொறங்க. ஒரே ஒருக்க.”

நான் திறக்கவில்லை. தட்டினாள். திறந்திருந்தால் அவள் போயிருக்க மாட்டாள், எனக்குத் தெரியும். ஸாதனா என் கையைப் பிறாண்டியது. அந்த நேரம் பார்த்து இருமல் தொண்டைக்கு ஏறியது. அவள் காதில் அது விழுந்தால் போச்சு. முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன்.

தட்டுவது நின்றது. கைப்பெட்டியின் சக்கரம் சந்தில் உருண்டு உருண்டு, கேட்காமல் போன பிறகுதான் இருமினேன்.