பத்துக்குப் பத்துப் பொருத்தம்

சின்ன அத்தையின் ஜாதகத்தைப் பார்த்து ஜோசியர் பத்துக்கு ஏழு பொருத்தம் என்று சொல்லி, எங்கள் முடிச்சூர் வீட்டில் எல்லோரும் பாயசம் குடித்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. அதனால் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கையில் ரத்தம் எடுக்கச் சொல்லி, "தம்பிக்கும் உனக்கும் பொருத்தம் பார்க்கணும்மா" என்றதும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. போயும் போயும் தம்பியோடா? எனக்கு அப்போது ஒன்பது வயது, அவனுக்கு ஐந்து.

தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். முதல் மாத மருந்து முடிந்தும் கெட்ட அணுக்கள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. மருந்தின் வீரியத்தைக் கூட்டி இன்னும் இரண்டு மாதம் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. காத்திருக்க வேண்டாம், எலும்பு மஜ்ஜையை மாற்றிவிடலாம் என்றார் அப்பா தேடிப் போய்க் கேட்ட இன்னொரு டாக்டர். மஜ்ஜை தர, கூடப்பிறந்தவள் பொருந்த வேண்டும். அப்பா ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து, இந்த வழியில் என்ன ஆபத்து, அந்த வழியில் என்ன ஆபத்து என்று எழுதி எழுதிப் பார்த்தார். இரண்டு பக்கமும் நிரம்பியதுதான் மிச்சம்.

ரிசல்ட் வந்தது. பத்துக்குப் பத்து.

"எங்க அத்தைக்கே ஏழுதான் டாக்டர்" என்றேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பல வாரமாகச் சிரிக்காத அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"மொதல்ல மருந்தே குடுத்துப் பார்க்கலாங்க" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அதுதான் முடிவாயிற்று. இரண்டு மாதத்தில் அணுக்கள் போகாவிட்டால் மஜ்ஜை மாற்று. எனக்கு நல்ல பேர் வருவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வகுப்பில் எல்லோரிடமும் மார்க் சொல்வதுபோல் சொல்லியாகிவிட்டது. இனி எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவது?

அந்த இரண்டு மாதம் தம்பி பட்ட பாடு கொஞ்சமல்ல. வாயெல்லாம் புண், தயிர்சாதம்கூட இறங்காது. காய்ச்சல் வந்தால் மறுபடி ஆஸ்பத்திரி. நான் அவனிடம் ரகசியமாக, "நான் குடுத்தா ஒரே நாள்ல சரியாயிடும்டா" என்பேன். நம்பிவிட்டான்.

"எப்போக்கா குடுப்ப?"

"அம்மா விடட்டும்."

சோதனை முடிவு வந்த அன்று டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பிக் காட்டி, "ஒண்ணுகூட இல்ல. மாற்று வேணாம், மருந்தே போதும்" என்றார். அப்பா வராந்தாவில் நின்று ஒவ்வொருவருக்கும் போன் செய்து ஒவ்வொருவரிடமும் அழுதார். அம்மா நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அதன்பின் நீண்ட காலம் மருந்து தொடர்ந்தது. இன்று அவன் கல்லூரிக்குப் போகிறான், என்னைவிட உயரம், என்னைவிட வாய். நினைத்தாலே மனசு நிறைகிறது. ஆனால் அன்று தாம்பரம் தாண்டி வீடு வரும்வரை ஆட்டோவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தது நான் ஒருத்திதான்.

தம்பியைப் படுக்கவைத்துவிட்டு அம்மா என்னை இழுத்து மடியில் குப்புறக் கிடத்தினாள். இடுப்பெலும்பின் பின்பக்கம் கை வைத்து மெதுவாகத் தடவினாள்.

"வலிக்குதாடி?"

"எதுக்கு வலிக்கணும்?"

அம்மா சிரித்தாள். என் முதுகில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்தது. கூச்சம் தாங்காமல் கையைத் தட்டிவிட்டு எழுந்து ஓடினேன். மஜ்ஜையை எங்கே ஊசி குத்தி எடுப்பார்கள் என்று எனக்கு அன்று தெரியாது. அம்மாவுக்கு இரண்டு மாதமாகத் தெரியும்.