வண்டி கிளம்பிடுச்சுங்க

போனில் பேச என்ன பெரிய படிப்பு வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இரண்டு லைன் உள்ள கார்ட்லெஸ் போன் ஒன்றைக் கொடுத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் மணி அடிக்கவிட்டுப் பார்க்க வேண்டும். ஒருவரை ஹோல்டில் போடப்போய் இன்னொருவரைக் கட் செய்துவிட்டு முழிப்பார்கள். நான் முழித்ததில்லை. இதைப் பெருமையடித்துக்கொள்ளத்தான் சொல்கிறேன், வேறு எதற்கு?

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் ரோட்டில், அவிநாசிபாளையம் தாண்டி, ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு வேலை. முதலாளி விவசாயக் குடும்பத்துக்காரர். சொந்தத் தோட்டத்தில் பாதியை அழித்து ஷெட் போட்டு மெஷின்களை இறக்கியிருந்தார். மீதிப் பாதியில் முருங்கை நின்றது. நாங்கள் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள். நான் செக்கிங் டேபிளில் நின்று, தைத்து வந்த சட்டைகளைத் திருப்பித் திருப்பி ஓட்டையும் கறையும் தேடிக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ முடித்திருந்ததாலும், மெஷின் சத்தத்தை மீறி என் குரல் கேட்கும் என்பதாலும், ஆபீசில் போன் எடுக்கக் கூப்பிட்டார்கள்.

செக்கிங்கில் நாள் முழுக்க நிற்க வேண்டும். ஆபீசில் நாற்காலி இருந்தது, தலைக்கு மேல் ஃபேன் இருந்தது. அந்த நாற்காலி எனக்கு ரொம்பவும் பிடித்துப்போனது. ஆனால் அது எனக்குச் சொந்தமாகிவிடவில்லை. வந்த புதிதில், கூப்பிட்ட வாடிக்கைக்காரர் ஒருவரிடம் "யாரு பேசுதது?" என்று எங்கள் ஊர்ப்படி கேட்டுவிட்டேன். அவர் அதை அதட்டலாக எடுத்துக்கொண்டு முதலாளியிடம் குறைப்பட்டார். கொங்கு நாட்டில் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' வைக்க வேண்டும் என்பது எனக்குப் பழகியிருக்கவில்லை.

"இந்த ஆர்டர் கப்பல் ஏறற வரைக்கும் நீயே பாரு கண்ணு," என்றார் முதலாளி. "அதுக்குள்ள போன்ல இன்னொரு கோளாறு வந்துதுன்னா, வெசனப்படாம செக்கிங்குக்கே போயிரோணும். செரியா?"

சரி என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் புது போன் வந்தது. பட்டனும் ஸ்பீக்கரும் உள்ள பெட்டி என் மேஜையில் இருக்கும். கையடக்கமான ரிசீவரை முதலாளி எடுத்துக்கொண்டு ஷெட் முழுக்க நடக்கலாம். முதல் லைன் உள்ளூருக்கு: சாயப்பட்டறை, பிரிண்டிங், அட்டைப்பெட்டிக்காரர். இரண்டாவது லைன் சென்னை ஏஜென்ட்டுக்கு மட்டும். யார் கூப்பிட்டாலும் அவர்கள் நம்பர் ஒரு சின்னத் திரையில் தெரியும். கூட வந்த புத்தகத்தைச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அகராதி பார்த்துப் படித்தேன். ஒரே பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கி ஒவ்வொரு எழுத்தாக எல்லாப் பெயர்களையும் அதில் ஏற்றினேன். முதலாளி வீட்டு நம்பருக்கு, அவர் வீட்டைச் சொல்கிறபடி 'ஊடு' என்றே ஆங்கில எழுத்தில் போட்டுவைத்தேன். அவர் மனைவி கூப்பிட்டபோது அது ஒளிர்ந்ததைப் பார்த்து மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரித்தாரே தவிர, அந்த போனைப் பழகிக்கொள்ள மாட்டார். ஹோல்ட் பட்டன் பக்கம் விரலே போகாது. "அமுக்குனா ஆளு போயிருவாங்களாட்டம் இருக்குது" என்பார். பேசிக்கொண்டே முருங்கை வரைக்கும் நடந்துவிட்டு, லைன் இரைகிறது என்று என்னைத் திட்டுவார். நான் மேஜையிலிருந்து கூப்பிட்டால் ரிசீவரில் 'பீப்' கேட்கும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்று எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தேன். கேட்டால்தானே.

இனி எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். திருப்பூர்ப் பக்கம் "வண்டி கிளம்பிடுச்சுங்க" என்று சொல்லாமல் யாருக்கும் பொழுது போகாது. துணி சாயத்தில் ஊறிக்கொண்டிருக்கும், வண்டி கிளம்பியிருக்கும். பிரிண்டிங்கில் கரண்டே இருக்காது, வண்டி கிளம்பியிருக்கும். இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. கேட்கிறவர் மனசு நோகக் கூடாதே என்கிற மரியாதை. அவ்வளவு மரியாதைப்பட்ட ஊர்.

சென்னை ஏஜென்ட் மட்டும் இதை மரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்காக எங்களிடம் ஆர்டர் கொடுத்து, சரக்கைச் சரிபார்த்து அனுப்புகிறவர் அவர். முந்தின தடவை கிளம்பாத வண்டியை நம்பி, திருப்பூரில் வைத்திருந்த தன் ஆளை அனுப்பிவைத்தார். அந்த ஆள் வெறும் கட்டிங் டேபிளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்க கம்பெனிக்கு ஆர்டரே கிடையாது" என்று ஏஜென்ட் கத்தினார். அந்தக் கத்தலை முதலில் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்தான்.

அந்த ஆர்டருக்கான கருநீலத் துணி சாயப்பட்டறையிலிருந்து வர வேண்டிய நாள். காலையிலேயே சாயப்பட்டறை சூப்பர்வைசர் முதலாளியின் வீட்டுக்குக் கூப்பிட்டு, வண்டியில் ஏற்றியாகிவிட்டது என்று சொல்லியிருந்தார். முதலாளியும் நம்பி, கட்டிங் ஆட்களைத் தயாராக நிறுத்திவிட்டார். பத்து மணி வாக்கில் முதல் லைன் அடித்தது. எடுத்தேன்.

"அம்மிணி, வெசனமே வேண்டாமுங்க. வண்டி கிளம்பிடுச்சுங்க. நானே கூட வந்துட்டு இருக்கறனுங்க. அவிநாசிபாளையத்துல டீக்கு நிறுத்தியிருக்கோமுங்க. பூத்துல இருந்துதான் பேசறனுங்க."

திரையைப் பார்த்தேன். நான் ஏற்றிவைத்த சாயப்பட்டறைப் பெயர் பளிச்சென்று நின்றது. அவிநாசிபாளையத்தில் டீ குடிக்கிற மனிதர், திருப்பூரில் இருக்கிற பட்டறை போனை எப்படிக் கையோடு தூக்கி வந்தார்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே நிமிடம் இரண்டாவது லைன் அடித்தது. கட்டிங் ஹாலில் இருந்த முதலாளி ரிசீவரில் அதை எடுத்துவிட்டார். என் சிரிப்பு நின்றது. பேசுவது சென்னை. முதலாளி என்ன சொல்லப்போகிறார் என்பதும் தெரியும்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று சாயப்பட்டறைக்காரரை ஹோல்டில் போட்டேன். முதலாளியைக் கூப்பிடும் பட்டனை அமுக்கினேன். ஆபீஸ் கண்ணாடி வழியே பார்த்தேன்: காதிலிருந்து ரிசீவரை எடுத்தார், அதை ஒரு முறை முறைத்தார், திரும்பக் காதில் வைத்துக்கொண்டார். ஓடிப்போய்ச் சொல்வதற்குள் வாக்குக் கொடுத்துவிடுவார். இரண்டாவது லைன் பட்டனை அமுக்கி நானே அந்தப் பேச்சுக்குள் நுழைந்தேன்.

"மத்தியானத்துக்கே உங்க ஆளை அனுப்புங்க சார். துணி இதா, வந்துட்டே..." என்று முதலாளி ஆரம்பித்திருந்தார்.

"சார், கொஞ்சம் லைன்லயே இருங்க," என்று சொல்லி ஏஜென்ட்டையும் ஹோல்டில் போட்டேன்.

பெட்டியில் இரண்டு விளக்கும் மினுக்கின. ஆர்டர் கொடுக்கிறவரை, அதுவும் முதலாளியிடம் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்தக் கம்பெனியில் யாரும் நடுவில் புகுந்து நிறுத்தியதில்லை. நாற்காலி போயிற்று என்றே நினைத்தேன். மறுபடியும் முதலாளியைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை எடுத்தார்.

"ஏனம்மிணி, கட் பண்ணிப்போட்டியா?" அவர் போட்ட சத்தம் போனிலும் கேட்டது, ஹாலிலிருந்தும் கேட்டது.

படபடப்பில் எனக்கு 'ங்க' எல்லாம் மறந்துபோயிற்று. "கட் ஆகல, ஹோல்டுல நிக்காரு. சாயப்பட்டறைக்காரரு அவிநாசிபாளையத்துல இல்ல. பட்டறையிலயே உக்காந்துக்கிட்டுப் பொய் சொல்லுதாரு. ஸ்க்ரீன்ல அவங்க நம்பர்தான் நிக்கு. நீங்க வாக்குக் குடுத்துராதீங்க!"

அவர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார்.

"அந்தாளு இன்னும் லைன்ல இருக்கறானா?"

"இருக்காரு."

"குடு."

கொடுத்தேன். கீழே வைக்காமல் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட முடியுமா?

"ஏனுங்க, டீ குடிச்சாச்சுங்களா?" என்றார் முதலாளி, வெண்ணெய் மாதிரி. "உங்க பட்டறை டீ எப்படீங்க இருக்குது? உங்க நம்பர்தான் இங்க ஸ்க்ரீன்ல தெரியுதுங்களே."

அந்தப் பக்கம் ஈனக்குரலில், "நாளைக்குக் காலைல ஏத்தீருவமுங்க, சத்தியமாங்க."

அடுத்து ஏஜென்ட்டின் லைனைக் கொடுத்தேன். "சார், துணி இன்னும் சாயத்துலதானுங்க இருக்குது. நாளைக்கு மத்தியானந்தான் வரும். உங்க ஆளை அதுக்கப்புறம் அனுப்புங்க" என்றார் முதலாளி.

"வண்டி கிளம்பலன்னு உங்க ஊர்ல இருந்து ஒருத்தர் சொல்லி இப்பதான் சார் முதல் தடவையா கேக்கறேன்." ஏஜென்ட்டின் குரலில் கோபம் இல்லை. "நாளைக்கே வெச்சுக்கலாம். ஆமா, நடுவுல வந்து நிறுத்தினது யாரு?"

முதலாளி சொன்னார். திரையில் நம்பர் தெரிந்ததையும் மறைக்காமல் சொன்னார். என்னைப் பற்றி ஒருவர் சென்னைக்குச் சொல்வதை, அந்த லைனிலேயே இருந்துகொண்டு கேட்டேன். மனசு ஆகாயத்தில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் முதலாளி ஆபீசுக்குள் வந்தார். ரிசீவரை மேஜைமேல் வைத்தார். "அந்த ஹோல்டு எப்படிப் போடறதுன்னு எனக்குஞ் சொல்லிக்குடு கண்ணு" என்றார். சொல்லிக்கொடுத்தேன். ஏஜென்ட்டைத் தவிர வேறு யாரிடம் வேண்டுமானாலும் பழகிப்பார்க்கலாம் என்று நிபந்தனையும் போட்டேன்.

மறுநாள் காலை முதல் லைனில் நான் அறியாத நம்பர் ஒன்று வந்தது. எடுத்தால் அதே சூப்பர்வைசர்.

"வண்டி கிளம்பிடுச்சுங்க அம்மிணி. இன்னைக்கு நெசமாவே அவிநாசிபாளையமுங்க. வேணும்னா நம்பரைப் பாத்துக்குங்க!"

"பாத்துட்டேனுங்க" என்றேன். அந்த 'ங்க' தானாகவே வந்தது.

அவர் வைத்ததும் சென்னை கூப்பிட்டது. வாசலில் நின்றிருந்த முதலாளி ரிசீவரில் எடுத்து, ஆசையாசையாக, "வண்டி கிளம்பிடுச்சுங்க சார்" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. நேராக என் மேஜைக்கு வந்து ரிசீவரை என் கையில் வைத்தார்.

"உன்ற வாயால சொல்லோணுமாமா."

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "வண்டி கிளம்பிடுச்சுங்க சார்."

"சரிம்மா, ஆளை அனுப்பறேன்" என்று ஏஜென்ட் வைத்துவிட்டார். எந்த ஊரில் நிற்கிறது, எப்போது வரும் என்று ஒன்றுமே கேட்கவில்லை.

முதலாளி என்னையும் பார்த்தார், போனையும் பார்த்தார். "அடுத்த கப்பலுக்கும் நீயே பாரு கண்ணு" என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு முருங்கைப் பக்கம் நடந்துபோனார்.